கருமாதிக்கு ஊற்றிய தண்ணீர்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் துரைக்கண்ணு செத்துப்போனதை எழுதியதிலிருந்து எனக்கு ஒரே திட்டு. "கேஸ் முடியும் வரைக்காவது அந்த மனுஷனை விட்டு வைத்திருக்கக் கூடாதா?" என்று குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா, நான் என்ன செய்யட்டும்? கேஸுக்கு வாய்தா உண்டு. உடம்புக்கு யார் வாய்தா கொடுக்கிறார்கள்?

புதிதாக வந்து உட்காருபவர்களுக்கு நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். பாலாற்றங்கரையில் கல்லேரிப்பட்டு. ஊருக்கு மேற்கே தோல் பதனிடும் கம்பெனி. கம்பெனியின் கழிவு ஓடைக்குப் போய், ஓடையிலிருந்து மண்ணுக்குள் இறங்கி, துரைக்கண்ணுவின் கிணற்றுக்கு வந்து சேர்ந்தது. டிகாஷன் நிறத்தில் தண்ணீர். தென்னை கருகியது, மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கழிவைச் சுத்தம் செய்யும்வரை கம்பெனியை ஓட்டக்கூடாது என்று துரைக்கண்ணு ஹைகோர்ட்டுக்குப் போனார். கூடக் கையெழுத்துப் போட்டவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பெற்ற மகன் தயாளனே அந்தக் கம்பெனியில்தான் தோல் ஊறவைக்கும் டிரம் ஓட்டுகிறான். அப்பனும் மகனும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் பேச்சில்லை. கிணற்றை நேரில் பார்த்துத் தண்ணீர் எடுத்து வரும்படி கோர்ட் ஒரு கமிஷனரை நியமித்தது. கமிஷனர் வருவதற்குள் துரைக்கண்ணு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

நேற்று கருமாதி.

இன்று காலை பச்சையம்மா கொல்லையில் உட்கார்ந்து அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை, கஞ்சி போகாமல் விறைப்பாக இருந்தது. கையில் வளையல் இல்லாததால் தேய்க்கும்போது சத்தமே வரவில்லை. அது மட்டும்தான் அவளுக்குப் புதிதாகப் பட்டது. மற்றபடி மனதில் ஒன்றும் இல்லை.

அவள் இதுவரை அழவில்லை. பிணம் எடுத்தபோது அழவில்லை, நேற்று தாலியை இறக்கியபோதும் அழவில்லை. ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தாங்களே அழுது களைத்துப்போனார்கள். "கல்லு மாதிரி குந்திக்கினு கீறாளே" என்று காதுபடவே பேசினார்கள். பச்சையம்மாவுக்குக் கோபம்கூட வரவில்லை.

வீடு முழுக்கக் கழுவியாகிவிட்டது. துரைக்கண்ணுவின் வேட்டி, துண்டு, பாய், தலையணை எதுவும் இல்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, எரிக்க வேண்டியதை எரித்துவிட்டார்கள். காலையில் எழுந்ததிலிருந்தே வீட்டில் ஏதோ ஒன்று குறைகிறது என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஆள் குறைகிறார், அது தெரிந்ததுதான். இது வேறு. என்னவென்று அவளால் பிடிக்க முடியவில்லை.

கிணற்றடியில் பூங்காவனம் சித்தப்பா பல் விளக்கிக்கொண்டிருந்தார். துரைக்கண்ணுவுக்குப் பங்காளி. துக்கத்துக்கு வந்தவர், விருந்துக்கு வந்தவர் போல ஒட்டிக்கொண்டுவிட்டார்.

"அண்ணி, இந்தத் தண்ணிய வாயில ஊத்திப் பாரேன். கல்கண்டு! எங்க அண்ணன் செத்துத்தான் இந்தக் கெணத்துல நல்ல தண்ணியப் பாக்கணும்னு இருந்திருக்குது."

கல்லேரிப்பட்டில் இது ஒரு பழக்கம். கருமாதியன்று பங்காளிகள் மொட்டை போட்டுத் தலை முழுக வேண்டும். முன்பெல்லாம் ஆறு இருந்தது. இப்போது ஆற்றில் மணல்கூட இல்லை. ஓடையில் இறங்கினால் உடம்பெல்லாம் தடிப்பு. அதற்காகக் குழாயடியில் தலை முழுகினால் சாங்கியம் ஆகாது, செத்தவனின் சொந்தக் கிணற்றில்தான் முழுக வேண்டும் என்பார்கள். ஊரார் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கிணற்றை அடிவரை இறைத்துவிட்டு, டேங்கர் லாரியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து கிணற்றிலேயே கொட்டிவிடுவது. கல்யாணம், கருமாதி இரண்டுக்கும் இதேதான். இரண்டு மூன்று நாளைக்குக் கிணறு கிணறாக இருக்கும். பிறகு ஊற்று தன் வேலையைக் காட்டிவிடும்.

துரைக்கண்ணுவின் வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். முந்தாநாள் மூன்று லாரி வந்தது. நேற்று பங்காளிகள் எல்லாரும் ஆசைதீர முழுகினார்கள். பூங்காவனம் இரண்டு தடவை முழுகினார்.

வாசலில் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது.

முதலில் இறங்கியவர் வக்கீல் இனாயத். வாணியம்பாடிக்காரர். துரைக்கண்ணுவுக்காக ஆரம்பத்திலிருந்து நிற்பவர். அவருக்குப் பின்னால் கறுப்புக் கோட்டோடு ஒரு பெண்மணி. அவர்தான் கமிஷனர் சுகந்தி. ஆய்வுக்கூடத்து ஆள் ஒருவர் பெட்டி நிறைய பாட்டில்களோடு இறங்கினார். கடைசியாகக் கம்பெனியின் வக்கீல் பரசுராமன், கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி இறங்கினார்.

துரைக்கண்ணுவின் மகள் வாசுகி ஈரத் தலையோடு வெளியே ஓடி வந்தாள். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். அப்பாவோடு கோர்ட்டுக்கும் வக்கீல் வீட்டுக்கும் அலைந்தது அவள்தான்.

"பாய், இன்னிக்கா? தள்ளி வைக்கக் கேட்டுப் பாக்கறேன்னு சொன்னீங்களே?"

"கேட்டேம்மா. கோர்ட் ஒத்துக்கல. மூணு நாளைக்கு முன்னாடியே போன் பண்ணிச் சொன்னேனே, தயாளன்தான் எடுத்தான். 'சரி பாய், சொல்லிடறேன்'னானே."

வாசுகி திரும்பி அண்ணனைப் பார்த்தாள். தயாளன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றான். அவளைப் பார்க்கவில்லை.

எல்லாரும் கொல்லைக்குப் போனார்கள். கமிஷனர் கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் கை வைத்து எட்டிப் பார்த்தார். பாசி படிந்த கல் இடுக்கு வரை தெளிவாகத் தெரிந்தது. அவர் முகத்தில் குழப்பம் வந்தது. போட்டோவிலும் மனுவிலும் அவர் பார்த்திருந்த கிணறு இது இல்லை.

ஆய்வுக்கூடத்துக்காரர் கயிற்றில் பாட்டிலைக் கட்டி இறக்கி எடுத்தார். ஒரு கருவியை அதற்குள் விட்டுப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"உப்பு கம்மியாத்தான் இருக்கு மேடம். குடிக்கிற தண்ணிதான்."

பரசுராமன் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். "நல்ல காத்து வருது இல்ல? இந்தக் கிணத்தைக் காட்டித்தான் மேடம் எங்க கட்சிக்காரரை இத்தனை வருஷமா கோர்ட்டுக்கு இழுத்திருக்காங்க."

"இது கெணத்துத் தண்ணியே இல்ல மேடம்!" வாசுகியின் குரல் கீச்சிட்டது. "லாரித் தண்ணி. கருமாதிக்கு ஊத்தனது. எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க."

"அட! அப்ப கிணத்துல கை வெச்சிருக்காங்கன்னு அவங்களே ஒத்துக்கறாங்க. ஒரு நாள் நல்ல தண்ணி ஊத்தறவங்க இன்னொரு நாள் கெட்ட தண்ணி ஊத்தமாட்டாங்கன்னு என்ன நிச்சயம்? குறிச்சுக்கங்க மேடம்."

கமிஷனர் அவரைக் கையமர்த்தினார். "யார் ஊத்தினது? லாரி யார் அனுப்பினது?"

தயாளன் மாட்டுக் கொட்டகைப் பக்கம் நழுவினான். பூங்காவனம்கூட வாயைக் கழுவப் போய்விட்டார்.

இனாயத் வாசுகியைத் தள்ளி அழைத்துப் போனார். "வாசுகி, இன்னிக்கு எடுக்கற தண்ணிதாம்மா எல்லாம். இதை வெச்சுத்தான் கம்பெனி ஓடுமா நிக்குமான்னு கோர்ட் முடிவு பண்ணும். இந்த அம்மா இன்னொரு தரம் வரமாட்டாங்க. லாரி யாருது?"

"தெரியல பாய். அண்ணன்தான் ஏற்பாடு பண்ணிச்சு."

அவள் நேராக மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனாள். தயாளன் அங்கேதான் இருந்தான். பச்சையம்மா அண்டாவைக் கவிழ்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். இருவரும் அவளைக் கவனிக்கவில்லை, அல்லது அவள் எதையும் காதில் வாங்குவதில்லை என்று பழகியிருந்தார்கள்.

"லாரி எங்கிருந்து வந்துச்சுண்ணா?"

"எங்கிருந்து வந்தா உனக்கு இன்னா?"

"கம்பெனி லாரியா?"

தயாளன் பீடியைக் கீழே போட்டான். "மேனேஜர் துக்கம் கேக்க வந்தாரு இல்ல, அப்ப சொன்னாரு. 'இன்னா வேணும் தயாளா, கூச்சப்படாத'ன்னாரு. தண்ணி வேணும்னேன். அனுப்பிச்சாரு. போதுமா?"

"கமிஷனர் வர்றது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சே..."

"இன்னாடி தெரிஞ்சே? நைனா பேரைச் சொல்லி அத்தினி பேர் முழுகணும். அந்தச் சாக்கடையில முழுகச் சொல்றியா? பொணத்தக் குளிப்பாட்டவே கேன் தண்ணிதான் வாங்கனோம். உயிரோட இருக்கச் சொல்லோ அந்தாளு நல்ல தண்ணியில ஒரு நாள் குளிச்சதில்ல. செத்தப்புறமாவது பக்கத்துல நல்ல தண்ணி இருக்கட்டும்னு நெனச்சேன். அதுவும் தப்பா?"

"அது மட்டும்தான் நெனச்சியா?"

தயாளன் கீழே கிடந்த பீடியைக் காலால் மிதித்தான்.

"சித்திரைக்குப் பர்மனென்ட் பண்றேன்னு சொல்லிக்கீறாங்க. அதையும்தான் நெனச்சேன். கம்பெனிய மூடிட்டா நான் எங்க போறது? நீ எங்க போவ? தோல் இல்லாம உன் ஷூ கம்பெனி இன்னாத்தத் தெக்கும், வாழ மட்டையையா?"

"மூடச் சொல்லலியே. சுத்தம் பண்ணிட்டு ஓட்டுன்னுதானே நைனா கேட்டாரு."

"ஆமா, நைனா கேட்டாரு. அவனுங்க கேட்டுட்டானுங்க."

வாசுகிக்கு அழுகை முட்டியது. அண்ணனை அறையலாம் போல இருந்தது. ஆனால் அவன் சொன்னதில் பாதி நிஜம் என்பதும் அவளுக்குத் தெரியும். அதுதான் அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது.

"கெணத்த எறைச்சிடு."

குரல் கேட்டு இருவரும் திரும்பினார்கள். பச்சையம்மா எழுந்து நின்றிருந்தாள். கோபமாகச் சொல்லவில்லை. உலை வைத்துவிடு என்று சொல்வது போலச் சொன்னாள்.

"யம்மா, நீ கம்முனு இரு. உனக்கு ஒண்ணியும் புரியாது."

பச்சையம்மா மகனைத் தாண்டி நடந்தாள். கிணற்றடிக்குப் போக வேண்டும். பூங்காவனம் பதறிப்போய்க் குறுக்கே வந்தார். "அண்ணி, நேத்துதான் தாலி எறக்கிக்கீற. வெளியாளுங்க முன்னாடி வரக்கூடாது, சாங்கியம் இன்னும் முடியல. நான் பேசறேன்."

"நீ ரெண்டு தரம் முழுகனியே, போதாதா? நவுரு" என்றாள் பச்சையம்மா. அதையும் அதே குரலில்தான் சொன்னாள். பூங்காவனம் நகர்ந்துவிட்டார்.

கமிஷனரின் முன்னால் போய் நின்றாள். கோடிச் சேலையையும் மொட்டைக் கழுத்தையும் பார்த்துக் கமிஷனர் வேப்ப மரத்தடியில் போட்டிருந்த நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார்.

"அம்மா, நீங்க பொழுது சாயறவரைக்கும் இருப்பீங்களா?"

"எதுக்கும்மா?"

"இத எறைச்சி வுட்டுட்டா எங்க தண்ணி வந்துரும். மேக்கால பக்கம் ஒரு ஊத்துக் கண்ணு கீது. அது நிக்காது. வந்தப்புறம் எடுத்துக்கினு போங்க."

"இது முறையில்ல மேடம்" என்றார் பரசுராமன். "கிணத்துல என்ன இருக்கோ அதை எடுக்கத்தான் ஆர்டர். தயார் பண்ணித் தர்றதை எடுக்கறதுக்கு இல்ல."

கமிஷனர் யோசித்தார். சின்ன வயசுதான். ஆனால் அவசரப்படுகிற ஆள் இல்லை.

"இப்ப எடுத்தது ஒண்ணு இருக்கு. ஊத்துத் தண்ணி வந்தா அதையும் எடுக்கறேன். என் கண்ணு முன்னாடி இறைக்கணும், நான் இங்கேயேதான் உக்காந்திருப்பேன். ரெண்டையும் தனித்தனியா சீல் வெச்சு, நடந்ததை நடந்தபடி கோர்ட்டுக்கு எழுதறேன்." பிறகு, அம்மாவின் பின்னாலேயே வந்து நின்ற தயாளனைப் பார்த்தார். "லாரித் தண்ணி யார் குடுத்ததுன்னும் எழுதணும். கிளம்பறதுக்குள்ள எனக்கு யாராவது பதில் சொல்லணும். சொல்லலைன்னா குடும்பமே ஊத்திக்கிட்டதுன்னுதான் எழுதவேண்டி வரும்."

இனாயத்தின் முகம் மாறியது. வாசுகிக்கும் புரிந்தது. குடும்பமே ஊற்றியது என்று எழுதினால், கிணற்றில் கைவைக்கிற ஆட்கள் என்ற பேரோடு கேஸ் அதோடு தொங்கிப்போகும். கம்பெனி அனுப்பியது என்று தயாளன் சொன்னால், கமிஷனர் வரும் நேரம் பார்த்துக் கம்பெனிதான் நல்ல தண்ணீரை அனுப்பியது என்று ஆகும். சொன்ன நாளோடு தயாளனுக்கு வேலையும் போகும்.

வாசுகி மோட்டார் கொட்டகைக்கு ஓடினாள். சுவிட்சைப் போட்டாள். ஒன்றும் ஓடவில்லை.

"பியூஸ் கட்டைய காணோம்!"

நல்ல தண்ணீரை யாரும் திருட்டுத்தனமாக இறைத்துவிடக் கூடாது என்று தயாளன் முந்தாநாளே கட்டையைப் பிடுங்கி வைத்திருந்தான். இந்த ஊரில் அது சகஜம். அது அவன் கால்சட்டைப் பையில் இருந்தது. துருத்திக்கொண்டு நின்றதை எல்லாருமே பார்த்தார்கள்.

அதே நேரம் அவன் சட்டைப் பையில் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். மேனேஜர். பரசுராமன் ஏற்கனவே பேசிவிட்டிருக்க வேண்டும். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

பச்சையம்மா அவன் முன்னால் கையை நீட்டினாள்.

"கட்டைய குடுத்துட்டு நீ வேலைக்குப் போ."

"யம்மா..."

"ஷிப்டுக்கு நேரமாவுது இல்ல. போ. சோறு கட்டித் தர மறந்துட்டேன், கேன்டீன்ல துண்ணுக்கோ."

திட்டியிருந்தால் தயாளன் திருப்பித் திட்டியிருப்பான். அழுதிருந்தால் வீறாப்பாக நின்றிருப்பான். சோற்றைப் பற்றிப் பேசுகிற அம்மாவிடம் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. நீட்டிய கையில் வளையல் தழும்பு மட்டும் வெள்ளையாக இருந்தது. அதைப் பார்க்க அவனால் முடியவில்லை.

கட்டையை அவள் கையில் கொடுக்கவில்லை. அவனே கொட்டகைக்குப் போய் மாட்டினான். மோட்டார் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

நல்ல தண்ணீர் குழாயில் கொட்டுகிறது என்ற செய்தி ஊருக்குள் போக எவ்வளவு நேரமாகும்? பிளாஸ்டிக் குடம், பக்கெட், அண்டா, பால் கேன் என்று கையில் அகப்பட்டதோடு பெண்கள் ஓடி வந்தார்கள். ஐந்தே நிமிஷத்தில் சண்டை.

"ஏய், நான் மொதல்ல வச்சேன்!"

"உன் குடம் வாலில்லாத நாயாட்டம் அலையுது, எங்க மொதல்ல வச்ச?"

"கேஸ்ல இருந்து பேரை எடுத்துட்டான் இல்ல உம் புருஷன், உனக்கு இன்னாத்துக்கு இந்தத் தண்ணி?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு நிமிஷம் எல்லாரும் கப்சிப். பிறகு மறுபடி குடங்கள் முட்டிக்கொண்டன. கமிஷனர் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தன் கைப்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போனவர், எடுக்காமல் உள்ளே வைத்துவிட்டார்.

பச்சையம்மா கைப்பிடிச் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வாசுகி.

"யம்மா, ஏதாவது பேசேன். பயமா கீது."

"இன்னா பேசறது?"

"நைனாவ நெனச்சி ஒரு தரம் அழுதுடும்மா. உள்ளயே வச்சிக்கினா உனக்கு ஒண்ணு ஆயிடும்."

"வரலடி. நானும் பாக்கறேன், வரமாட்டேங்குது." பச்சையம்மா மகளைப் பார்த்தாள். "வூட்டுல ஏதோ ஒண்ண காணோம் வாசு. காலைலருந்து தேடறேன். இன்னான்னு தெரியல."

வாசுகி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பயம் அதிகமாயிற்று.

மதியம் கரண்ட் போவதற்குள் கிணறு அடி தட்டியது. மோட்டார் காற்றை இழுத்துக் கதறியது. நிறுத்தினார்கள். பெண்கள் குடங்களோடு கலைந்தார்கள். ஆய்வுக்கூடத்துக்காரர் குனிந்து பார்த்தார். சேற்றுக்கு மேல் மேற்குப் பக்கத்திலிருந்து நூல் போலத் தண்ணீர் கசிந்தது. தெளிவாகவே இருந்தது.

பரசுராமன் சிரித்தார். "ஊத்துத் தண்ணி வந்துடுச்சு மேடம். எடுத்துக்கலாமா?"

வாசுகி இனாயத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது ஊத்து இல்ல" என்று கிணற்றுக்குள் இருந்து குரல் வந்தது. தயாளன். எப்போது இறங்கினான் என்று யாரும் பார்க்கவில்லை. சுவரில் துருத்திய கற்களில் கால் வைத்து அடிவரை போய்விட்டிருந்தான். "மூணு நாளா லாரித் தண்ணி மண்ணுல ஊறிக்கீது. அதுதான் திரும்பி வருது. இதையும் எடுக்கணும். சித்தப்பா, பக்கெட்ட வுடு!"

ஷிப்டுக்கு அவன் போகவில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

பூங்காவனம் பக்கெட்டை இறக்கினார். தயாளன் முழங்கால் சேற்றில் நின்று மொண்டு மொண்டு கொடுத்தான். பூங்காவனம் இழுத்து இழுத்துக் கொட்டினார். கருமாதிச் சோறு செரித்துவிட்டது என்று முனகினார். ஆனால் நிறுத்தவில்லை. பிறகு இனாயத் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். கிணற்றுக்குள்ளிருந்து போன் அடிக்கும் சத்தம் எதிரொலித்தது. தயாளன் அதை எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை.

வெயில் தென்னை மட்டைகளுக்குக் கீழே இறங்கிவிட்டது. கமிஷனர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். பரசுராமன் ஜீப்பில் போய் உட்கார்ந்து ஹாரன் அடித்தார்.

பக்கெட் ஒன்று மேலே வந்தது. பூங்காவனம் அதைக் கொட்டப் போனவர், நின்றார். மூக்கைச் சுளித்தார்.

பழுப்புத் தண்ணீர். மேலே எண்ணெய் மாதிரி ஒரு மினுக்கம். சுண்ணாம்பும் உப்பும் அழுகிய தோலும் கலந்த வாடை, கிணற்றிலிருந்து எழும்பிக் கொல்லை முழுக்கப் பரவியது. கமிஷனர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆய்வுக்கூடத்துக்காரர் கையுறையை மாட்டிக்கொண்டு பாட்டில்களை எடுத்தார். வாசுகி, "வந்துடுச்சு! பாய், வந்துடுச்சு!" என்று கத்தினாள். சந்தோஷத்தில் கத்துகிறாளா வேறெதிலா என்று அவளுக்கே தெரியவில்லை.

பச்சையம்மா மெல்ல எழுந்து வந்தாள். பக்கெட்டின் முன்னால் உட்கார்ந்தாள். மூச்சை இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள்.

கேன் தண்ணீரைக் குடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, இதில்தான் துரைக்கண்ணு தினமும் குளித்தார். இதில்தான் அவருடைய துண்டைத் துவைத்தார்கள். இந்த வாடைதான் அவர் தலையணையில், முதுகில், அக்குளில், நோட்டு மடித்து வைக்கிற மடியில். "கிட்ட வராதய்யா, தோல் கம்பெனியே எழுந்து வர்ற மாதிரி கீது" என்று எத்தனை ராத்திரி அவரைத் தள்ளிப் படுக்கச் சொல்லியிருப்பாள்! அவரும் சிரித்துக்கொண்டே சுவரோரம் உருண்டு போவார். இரண்டு நாளாக, நல்ல தண்ணீரில் கழுவிக் கழுவி, வீட்டிலிருந்து அதைத் துடைத்து எடுத்துவிட்டிருந்தார்கள்.

"இதோ கீறாரு வாசு" என்றாள். "இதத்தான்டி தேடனேன்."

பக்கெட்டை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். அவள் வாயிலிருந்து முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. தெருவில் குடம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். கோடிச் சேலை முன்பக்கம் முழுக்கப் பழுப்பு நீர் பரவ, பச்சையம்மா தன் புருஷனுக்காக அழுதாள்.

கமிஷனர் மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தார். பாட்டில்கள் நிரம்பின. அரக்கு உருகிச் சீல் விழுந்தது.

தயாளன் கற்களைப் பிடித்து மேலே ஏறி வந்தான். மொட்டைத் தலையிலிருந்து கால் வரை அந்தச் சேறு. அப்பனின் அதே வாடை. அழுகிற அம்மாவைத் தாண்டி அவனால் நடக்க முடியவில்லை. அங்கேயே நின்றான். சட்டைப் பையில் போன் மறுபடி அடித்தது.

"மேடம்" என்றான். "லாரி யாருதுன்னு கேட்டீங்களே."

அழுகைச் சத்தம் கேட்டு ஜீப்பிலிருந்து கொல்லைக்கு வந்திருந்த பரசுராமன் அவசரமாகக் குறுக்கே வந்தார். கமிஷனர் பேனாவைத் திறந்தார்.